கணக்கு தீர்ந்தா நமக்கென்ன லாபம்? உங்க யூ.பி.ஐ-யைக் காப்பாற்றுவதே ஒரு தீராத கணக்குதான்!

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு ரவுண்டு நடந்துட்டு, ஆவடி - பூந்தமல்லி சாலையில் ஒரு கடையில் டீ குடிக்கிறீங்க. க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணி 15 ரூபாய் அனுப்புறீங்க. பணம் வந்துடுச்சுன்னு கடையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி ஊருக்கே கேட்குற மாதிரி சொல்லுது. டீ ஆறுவதற்குள் போனில் ஒரு நோட்டிஃபிகேஷன்... 'நூறாண்டுக் கணிதப் புதிர் தீர்ந்தது!'

பெரும்பாலும் நாம அதைத் தள்ளிவிட்டுட்டு ரீல்ஸ் பக்கம் போயிடுவோம். ''இதனால நமக்கு என்ன யூஸ்?'' என்ற கேள்வி மட்டும் மனசுல ஒரு ஓரமா நிற்கும்.

நியாயமான கேள்விதான். 2025 பிப்ரவரியில் ஹாங் வாங், ஜோஷுவா ஸால் என்ற இருவர், முப்பரிமாணத்தில் 'ககேயா' புதிரைத் தீர்த்து 127 பக்கத்தில் வெளியிட்டார்கள். ஓர் ஊசியை எல்லாத் திசைகளுக்கும் திருப்ப எவ்வளவு குறைந்த இடம் போதும் என்று 1917-ல் கேட்கப்பட்ட கேள்வியில் பிறந்த புதிர் அது. மறுநாள் காலையில் நம்ம யார் வாழ்க்கையிலும் எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் தீர்ந்த கணக்குக்குப் பயனே இல்லையா?

இதற்குப் பதில் சொல்ல, நம்ம நாட்டிலேயே தீர்ந்த ஒரு கணக்கைப் பார்ப்போம். அது தீர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், என்ன லாபம் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கான்பூரிலிருந்து வந்த 9 பக்கம்

2002 ஆகஸ்ட் மாதம். ஐ.ஐ.டி கான்பூர் பேராசிரியர் மணிந்திர அகர்வால், அதே வருஷம் அங்கே பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் 9 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். ஓர் எண்ணைக் கொடுத்தால் அது பகா எண்ணா இல்லையா என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அதுவும் வேகமாகச் சொல்லும் வழி அதில் இருந்தது. 2004-ல் உலகின் முதன்மையான கணித இதழ்களில் ஒன்றான 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' அதைப் பிரசுரித்தது. 2006-ல் கோடெல் பரிசு கிடைத்தது.

பகா எண் ஞாபகம் இருக்கா? 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். 97 பகா எண். 91-ம் பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அது 7 பெருக்கல் 13. ரெண்டு இலக்கம் என்பதால் சட்டென்று கண்டுபிடிச்சிட்டோம். முந்நூறு இலக்க எண் என்றால்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது.

தட்டிப் பார்ப்பதும் உடைப்பதும்

தேங்காய் வாங்கும்போது அம்மா என்ன பண்ணுவாங்க? தட்டிப் பார்ப்பாங்க. சத்தத்தை வைத்தே முற்றலா இளசா என்று சொல்லிடுவாங்க. உடைக்கத் தேவையில்லை. எண்களையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம் என்று 1640-லேயே வழி சொன்னவர் பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா.

91-ஐ எடுத்துக்குங்க. அதைவிட ஒன்று குறைவாக, 90 முறை 2-ஐப் பெருக்கி, 91-ஆல் வகுத்தால் மீதி 64. பகா எண்ணாக இருந்திருந்தால் மீதி 1 வந்திருக்க வேண்டும். ஆக, 91 பகா எண் இல்லை. கவனிச்சீங்களா? 7, 13 என்ற காரணிகளைக் கண்டுபிடிக்காமலேயே முடிவுக்கு வந்துட்டோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 561 மாதிரி சில ஏமாற்று எண்கள் இருக்கின்றன. அது 3, 11, 17 மூன்றின் பெருக்கல். ஆனால் 2-ஐ வைத்துத் தட்டினால் பகா எண் மாதிரியே மீதி 1 தரும். இந்த ஓட்டையை அடைக்க மில்லர், ராபின் என்ற இருவரின் பெயரில் ஒரு சோதனை வந்தது. அதில் ஒருமுறை தட்டினால் ஏமாற அதிகபட்சம் நாலில் ஒரு வாய்ப்பு. வேறு வேறு எண்களை வைத்து 20 முறை தட்டினால், ஏமாறும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே போயிடும்.

நடைமுறைக்கு அது போதும். ஆனால் கணிதத்துக்கு 'அனேகமாக' என்ற சொல் போதாது. அந்த 'அனேகமாக'வைத் தூக்கியதுதான் கான்பூர் மூவரின் சாதனை. அதிர்ஷ்டத்தையும் நம்பவில்லை, நிரூபிக்கப்படாத எந்தக் கருதுகோளையும் நம்பவில்லை.

உங்க போன் அதைப் பயன்படுத்துதா?

இல்லை! உங்க போனும் பேங்க் சர்வரும் பகா எண் தேடும்போது இன்றும் மில்லர் - ராபின் வகைச் சோதனையைத்தான் நம்புகின்றன. அது பல மடங்கு வேகமானது. கான்பூர் வழி, கோட்பாட்டில் வேகம்தான். ஆனால் ஓட்டிப் பார்த்தால் மெதுவாகத்தான் போகும்.

அப்புறம் என்ன பயன்?

முதலில், பகா எண்கள் நமக்கு எதற்கு என்று பார்ப்போம். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் என்ற மூவர் ஒரு பூட்டைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் ஊருக்குச் சொல்லிடுங்க. அந்த விடையை வைத்து யார் வேண்டுமானாலும் தகவலைப் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் அந்த இரண்டு பகா எண்களும் தெரிய வேண்டும். 83-ஐ 97-ஆல் பெருக்குவது சுலபம். 8051-ஐக் கொடுத்து 'எதையும் எதையும் பெருக்கினது?' என்று கேட்டால் திணறுவோம். இன்று பரவலாகப் புழக்கத்தில் இருக்கும் இந்தப் பூட்டில் 617 இலக்க எண்கள் சாதாரணம். 2020-ல் 250 இலக்க எண் ஒன்றை உடைத்தார்கள். ஒரே ஒரு ப்ராசஸர் கோரில் ஓட்டியிருந்தால் சுமார் 2,700 வருஷம் பிடித்திருக்கும் வேலை அது.

ஆக, பூட்டு செய்ய எண்களைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும். திருடனுக்குத்தான் உடைக்கத் தெரியணும். தட்டும் கணக்கு 2002-ல் முழுசாகத் தீர்ந்தது. உடைக்கும் கணக்குக்கு, சாதாரண கம்ப்யூட்டரில் ஓடக்கூடிய வேகமான வழியை இன்றுவரை யாரும் சொல்லவில்லை, அப்படி ஒரு வழி கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. இப்போது பல இடங்களில் 'எலிப்டிக் கர்வ்' என்ற இன்னொரு பூட்டு வந்துவிட்டது. அதுவும் தீராத வேறொரு கணக்கை நம்பித்தான் நிற்கிறது.

கான்பூர் கட்டுரையின் பயன் இங்கேதான். பூட்டின் எந்தப் பக்கம் கான்கிரீட், எந்தப் பக்கம் வெறும் நம்பிக்கை என்று கோடு போட்டுக் காட்டியது. வீடு கட்டுபவருக்கு மண் பரிசோதனை ரிப்போர்ட் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இது. அந்த ரிப்போர்ட்டில் யாரும் குடியிருக்க முடியாது. ஆனால் அது இல்லாமல் மாடி எழுப்பினால் ரிஸ்க் நமக்குத்தான்.

பயன் வர எவ்வளவு நாள் ஆகும்?

ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, எண் கோட்பாட்டால் போருக்கோ வேறெதற்கோ உபயோகம் இல்லை என்பதில் பெருமைப்பட்டவர். 1940-ல் புத்தகமாகவே எழுதினார். 37 வருஷத்தில் அதே பகா எண்கள் ரகசியங்களுக்குப் பூட்டாகிவிட்டன. ஃபெர்மாவிலிருந்து கணக்குப் போட்டால் 337 வருஷம்! ககேயாவின் ஊசிக்கு இன்றே பில் கேட்பது நியாயமா, சொல்லுங்க?

இப்போ ஏன் இது முக்கியம்?

காரணி உடைக்கும் கணக்கை, பெரிய குவான்டம் கம்ப்யூட்டர் வந்தால் வேகமாகத் தீர்க்கலாம் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். அந்த அளவுக்குப் பெரிய இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் இன்று திருடிச் சேமித்த தகவலை, அது வந்த பிறகு திறக்கலாம் என்ற பயம் இருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூன்று புதுப் பூட்டுத் தரங்களை வெளியிட்டது. இந்தியாவும் 2023-ல் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவான்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் குவான்டம் தகவல்தொடர்புக்கான மையம் நம்ம ஐ.ஐ.டி மெட்ராஸில்தான். பருத்திப்பட்டிலிருந்து கிண்டி பக்கம் ஒரு பஸ் பயண தூரம்!

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

* 'கணக்கு தீர்ந்துடுச்சு, பேங்க் பாதுகாப்பு காலி' என்று ஃபார்வர்டு வந்தால் ஒரே கேள்வி கேளுங்க. தீர்ந்தது தட்டும் கணக்கா, உடைக்கும் கணக்கா?

* போன், பேங்க் ஆப் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. புதுப் பூட்டு உங்க கைக்கு வருவது அந்த வழியில்தான்.

* திருடன் 617 இலக்க எண்ணோடு மல்லுக்கட்ட மாட்டான். உங்களுக்கு போன் போட்டு ஓ.டி.பி கேட்பான். பணம் வாங்க யூ.பி.ஐ பின் தேவையே இல்லை. யார் கேட்டாலும் போடாதீங்க. ஏமாந்துட்டா உடனே 1930-க்கு அழைங்க, தாமதிக்க வேண்டாம்.

இதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் சொல்லிடுங்க. பூட்டை உடைக்க உலகத்தில் யாருக்கும் வழி தெரியலை. சாவியை நாமே எடுத்து நீட்டினால், எந்தக் கணிதமேதை வந்தும் ஒன்றும் பண்ண முடியாது.