கையை எடுத்தால் நிற்குமா?

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். என்ஜினியரிங் படித்துவிட்டு, வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, இராப்பகலாய்க் கம்ப்யூட்டரில் விண்கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். முடித்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஓட்டிப் பாருங்க சார்" என்றான். நானோ காலேஜுப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டு கதை எழுதப் போனவன். விசையை அழுத்தினேன், கப்பல் கிளம்பிற்று. விசையை விட்டேன், கப்பல் நிற்கவில்லை! மூன்றாவது நிமிஷம் எதிரே இருந்த விண்வெளி நிலையத்தில் மோதிச் சுக்குநூறானேன். நினைத்தாலே முக்தி கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு இப்படியொரு குறுக்கு வழி எனக்கு அவசியமே இல்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டான். இப்போது விசையை விட்டதும் கப்பல் சமர்த்தாக நின்றது. நானே கெட்டிக்காரத்தனமாக ஓட்டி ஏராளமான புள்ளிகள் வாங்கிவிட்டேன். ஆனால் பையன் முகத்தில் களையில்லை. விளையாட்டை வாங்க முன்வந்த வியாபாரி ஒருவர், "கையை எடுத்தால் நிற்க வேண்டும் தம்பி, அதுதான் ஜனங்களுக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டாராம். பக்கத்தில் இருந்த என் நண்பர் அந்த வியாபாரியின் கட்சியில் சேர்ந்துகொண்டார். "விளையாட்டுதானே ஐயா! சதுரங்கக் குதிரை கோணலாய்த் தாவுகிறதே, அதைப் பார்த்து எந்தக் குதிரைக்காரனாவது வழக்குப் போட்டானா?"

நண்பரின் வாதம் லேசானதல்ல. இங்கிலாந்தில் 1984-இல் வந்த 'எலைட்' என்ற விளையாட்டில் விண்கப்பல்கள் ஆகாய விமானம் போலவே பறந்தன; ஜனங்கள் கொண்டாடினார்கள். அதன் அடுத்த பாகம் 1993-இல் நியூட்டன் விதியை ஒப்புக்கொண்டு வந்தபோது, பழைய ரசிகர்கள் பலர் முகத்தைச் சுளித்தார்கள். உண்மை சிரமமானது, பொய் சுகமானது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் சதுரங்கக் குதிரை தன்னை லாயத்துக் குதிரை என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இந்த விளையாட்டோ, 'நிஜமான விண்வெளி' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறது. நிஜம் என்று சொல்லிப் பொய்யை விற்பதற்குக் 'கற்பனை' என்று பெயர் வைப்பதைக் கற்பனையால் பிழைக்கிற என்னால் பொறுக்க முடியாது. நானும்தான் பொய் சொல்கிறேன். ஆனால் என் கதையில் அடிபட்டவனுக்கு வலிக்கும்.

எளிமை வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. எளிமையை எங்கே வைப்பது என்பதுதான் என் வழக்கு.

விண்கப்பல் விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்த பாட்டி 1962-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிறந்த 'ஸ்பேஸ்வார்'. ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் கம்ப்யூட்டர் ஒன்றில் அதைச் செய்தார்கள். அதிலும் கப்பல் ஒருமுறை கிளம்பினால் போய்க்கொண்டே இருக்கும். நடுவிலிருக்கும் நட்சத்திரம் அதைத் தன்பால் இழுக்கும். யந்திரத்தின் பலகையிலிருந்த விசைகளை வைத்தே விளையாடியதில் முழங்கை வலி கண்டது. அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? கையில் அடங்குகிற தனிப் பெட்டி ஒன்றைச் செய்து அதில் விசைகளை வைத்துக்கொண்டார்கள். கைக்குத்தான் இதம் செய்தார்கள்; விதியின் மேல் கை வைக்கவில்லை.

இன்னொன்று. 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் இறங்கினாரே, கடைசிக் கட்டத்தில் அவர் கையருகே சிறிய விசை ஒன்று இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும் வேகம் விநாடிக்கு ஓர் அடி கூடும். மறுபக்கம் தட்டினால் ஓர் அடி குறையும். எஞ்சினை எவ்வளவு எரிப்பது என்ற கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. இதைவிட எளிமை உண்டா? ஆனால் எரிபொருள் செலவாகிக்கொண்டேதான் இருந்தது. அதை அவருக்கு எவரும் மறைக்கவில்லை.

ஆகவே பையனிடம் நான் சொன்னது இதுதான்: "கையை எடுத்தால் நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் நிற்கும்போது முன்பக்கத்து எஞ்சின் எரிவதைக் காட்டு. எரிபொருள் குறைவதைக் காட்டு. நிறுத்தியதற்குக் கூலியைக் கணக்கில் எழுது. அப்போது அது உதவி. எழுதாவிட்டால் அது மோசடி."

வேகத்தைக் காட்டும் முறையிலும் இதே நாணயம் வேண்டும். பஸ்ஸில் போகிறவனுக்குத் தரை ஒன்றுதான் அளவு. விண்வெளியில் தரை ஏது? 'எதைப் பார்த்து' என்று சொல்லாத வேகத்துக்கு அங்கே அர்த்தமே கிடையாது. 1997 ஜூன் 25-ஆம் தேதி ருஷ்யர்களின் 'மிர்' நிலையத்தில் இது உயிர்ப் பிரச்னையாயிற்று. ஆளில்லாத சரக்குக் கப்பல் ஒன்றை, நிலையத்துக்குள் இருந்தபடியே டெலிவிஷன் படத்தைப் பார்த்துக் கையால் ஓட்டி இணைக்கப் பார்த்தார் ஸிப்ளியேவ். தூரத்தையும் வேகத்தையும் அளந்து சொல்லும் ராடாரை அன்று அணைத்திருந்தார்கள். படத்தில் கப்பல் மெதுவாக வருவதாகத் தோன்றிற்று. ஏழு டன் கனமுள்ள அது 'ஸ்பெக்டர்' என்ற பகுதியில் மோதியது. காற்று வெளியேறத் தொடங்கியது. உள்ளே இருந்த மூவரும் அந்தப் பகுதியை அவசரமாக அடைத்துத்தான் உயிர் தப்பினார்கள். கைதேர்ந்த மனிதரையே கண் ஏமாற்றிற்று. ஏமாறுவதையே பழக்கமாகக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்கிறாரா என் நண்பர்?

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2019 செப்டம்பரில் நம்முடைய விக்ரம் சந்திரனில் விழுந்து நொறுங்கியது. எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாயிருந்தது. சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்திக்கொள்ள வேகமாகத் திரும்பவேண்டிய நேரத்தில், இவ்வளவுக்குமேல் திரும்பாதே என்று உள்ளே எழுதி வைத்திருந்த வரம்பு தடுத்தது. போதாததற்கு, இறங்கவேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அதன்பின் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? 'சந்திரன் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும்' என்று கேட்கவில்லை. இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றைப் புதிதாய்ச் சேர்த்தார்கள். பக்கத்து விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை மெல்ல இறங்கிற்று. அன்று டெலிவிஷன் முன்னால் நாமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது எதை? வேகம் குறைகிற கோட்டைத்தானே!

இதெல்லாம் பெரிய விஞ்ஞானம், ஜனங்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள் கார்த்திகை ஏழாம் நாள் எங்கள் ஊருக்கு வரட்டும். அண்ணாமலையாரின் பெரிய தேரை வடம் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்கள் சிலர்தான். ஆனால் தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தச் சிலர் கையில். வடத்தை விட்டால் தேர் அங்கேயே நின்றுவிடும் என்று மாட வீதியில் எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை; அதனால்தான் தாய்மார்கள் பிள்ளைகளைச் சக்கரத்தருகே விடுவதில்லை. தரையும் உராய்வும் உள்ள தேருக்கே இந்த மரியாதை. 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று வசைச் சொல்லாக்கிவிட்டோமே, அந்தத் தொழிலுக்கு நாம் செய்த அநியாயம் அது!

ஜனங்களுக்குப் புரியாது என்கிறவர்களை நான் பத்திரிகை உலகிலும் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஜனங்களை மதிப்பதில்லை. பொறுமையற்ற தங்களையே ஜனங்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பையன் இப்போது எரிபொருள் முள்ளை வைத்துவிட்டான். எதிரே உள்ள நிலையத்தை வைத்து வேகம் சொல்லும் எண்ணும் திரையில் தெரிகிறது. வியாபாரி இன்னும் பதில் எழுதவில்லை. நான் நேற்று ஐந்து தடவை மோதினேன். ஆறாவது தடவை, பாதி வழியிலேயே கப்பலைத் திருப்பி எஞ்சினை எரித்து, நிலையத்தை உரசாமல் நிறுத்தினேன். என் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "நகருமய்யா, நான் ஒரு தடவை பார்க்கிறேன்" என்றார்.