ஹாலந்து சர்க்காரும் இஸ்லாமிய ஆராய்ச்சியும்

ஹாலந்து தேசத்தில் உயர்தரக் கல்விக்குரிய மான்யத்தைப் பெருமளவு குறைப்பதென்று 2024-ம் வருஷம் பதவியேற்ற மந்திரி சபை தீர்மானித்தது. அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஹேக் நகரில் பெருந்திரளாகக் கூடித் தங்கள் கண்டனத்தைத் தெரிவித்தனர். ஏறக்குறைய அதே சமயத்தில் உட்ரெக்ட் சர்வகலாசாலையார், இஸ்லாமும் அரபியும் பற்றிய பட்டப் படிப்பு உள்படச் சில படிப்புகளை நிறுத்திவிடப் போவதாக அறிவித்தனர். இது வெறும் சிக்கன ஏற்பாடு என்று கூறுவோர் உளர். அத்தேசத்தில் இக்கல்வியின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்விதம் சமாதானம் அடைய மாட்டார்கள்.

லெய்டன் சர்வகலாசாலையில் 1613-ம் வருஷத்திலேயே எர்ப்பேனியஸ் என்னும் பண்டிதர் அரபு மொழிப் பேராசிரியராக நியமனம் பெற்றார். டச்சுக்காரரின் ஏகாதிபத்தியம் கீழ்த்திசைத் தீவுகளில் வேரூன்றிய பிறகு இந்தப் படிப்புக்கு ராஜாங்கப் பிரயோஜனமும் ஏற்பட்டது. ஸ்னூக் ஹுர்குரோன்யே என்ற அறிஞர் முஸ்லிம் பெயர் பூண்டு 1885-ல் மெக்கா நகரில் வசித்தார். 1889 முதல் 1906 வரை கிழக்கிந்தியத் தீவுகளில் டச்சு சர்க்காருக்கு ஆலோசகராக விளங்கினார். சுமாத்ராவிலுள்ள ஆச்சே மக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் அறிவுலகம் போற்றும் நூல். அந்த ஆச்சே மக்களின் சுதந்திரப் போரை அடக்குவதற்கு அவருடைய யோசனையே துணை நின்றது என்பதும் மறைக்க முடியாத உண்மை. புலமை பெரிது, அது செய்த ஊழியமோ அடிமைத்தளைக்கு!

1949-ம் வருஷக் கடைசியில் இந்தோனேஷியாவின் சுதந்திரத்தை ஹாலந்து ஒப்புக்கொண்டது. அதன் பின் நிலைமை தலைகீழாக மாறிற்று. தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டி, 1964-ல் துருக்கியுடனும் 1969-ல் மொராக்கோவுடனும் ஹாலந்து சர்க்கார் உடன்படிக்கை செய்துகொண்டது. வந்தவர்கள் குடும்பத்துடன் நிலைத்தனர். இன்று அத்தேசத்து ஜனங்களில் சுமார் இருபதுக்கு ஒருவர் முஸ்லிம். முன்னர் கடல்கடந்த பிரஜைகளாக இருந்தோரைப் பற்றிய படிப்பு, இப்போது அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிய படிப்பாகிவிட்டது.

இதை உணர்ந்தே 1998-ம் வருஷத்தில், தற்கால உலகில் இஸ்லாமிய சமூகங்களை ஆராய்வதற்கென ஒரு சர்வதேச ஸ்தாபனம் லெய்டனில் நிறுவப் பெற்றது. லெய்டன், ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட் சர்வகலாசாலைகளும், பின்னர் நைமேகனும் இதில் கூட்டுச் சேர்ந்தன. சர்க்காரும் பொருளுதவி செய்தது. பாகிஸ்தானியரான முகம்மது காலித் மசூதும், அவருக்குப் பின் ஈரானியரான ஆசெப் பயாத்தும் அதன் ஆராய்ச்சித் தலைமையை வகித்தனர். ஆராயப்படும் சமூகத்தவரே ஆராய்ச்சியை நடத்தும் நிலை வந்தது. ஸ்னூக் காலத்துக்கும் இதற்கும் எத்தனை தூரம்!

2004 நவம்பரில் சினிமா டைரக்டர் தியோ வான் கோ, ஆம்ஸ்டர்டாமில் பட்டப்பகலில் கொலையுண்டார். கொலை செய்தவன் அந்நகரத்திலேயே பிறந்த இளைஞன். தேசம் கலங்கிற்று, இஸ்லாத்தைப் பற்றித் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஓயாது பேசினார்கள். நிதானமான ஆராய்ச்சிக்கு அதைவிட அவசியமான காலம் எது? ஆயினும் போதிய நிதி இல்லாமையால் 2009-ம் வருஷ ஆரம்பத்தில் அந்த ஸ்தாபனம் மூடப்பட்டது. லெய்டன் சர்வகலாசாலை தனக்கென வேறொரு நிலையத்தை அவ்வருஷமே அமைத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் நான்கு சர்வகலாசாலைகள் கூடிச் செய்த பணி சிதறிப் போயிற்று.

வரி கொடுப்போரின் பணத்தை ஒரு மதத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. அது மதப் பிரசாரமன்று. சொந்தப் பிரஜைகளின் வாழ்க்கையை அறியும் முயற்சி. அறியாமையால் இயற்றப்படும் சட்டங்களுக்கும் அவற்றால் விளையும் கலகங்களுக்கும் ஆகும் செலவு, ஆராய்ச்சிக்கு ஆகும் செலவை விடப் பன்மடங்கு அதிகம்.

இதைக் காட்டிலும் கடினமான ஆட்சேபம் முஸ்லிம்களிடமிருந்தே எழுகிறது. சர்க்கார் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி வேவு பார்ப்பதாக முடியாதா என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். ஆச்சேயின் கதையை அறிந்தவர்கள் இந்த அச்சத்தை அற்பமென்று தள்ள முடியாது. ஜெர்மனியில் 2010-ல் விஞ்ஞான ஆலோசனைச் சபை கூறிய யோசனையின் பேரில், மத்திய சர்க்கார் பணம் கொடுத்து டூபிங்கன், மூன்ஸ்டர் முதலிய சர்வகலாசாலைகளில் இஸ்லாமிய மதக் கல்வி நிலையங்களை ஏற்படுத்தியது. அங்கும் இதே சந்தேகம் எழாமலில்லை.

பரிகாரம் பணத்தை நிறுத்துவதன்று. பணத்தோடு கட்டளையும் வராமல் தடுப்பதே. மான்யம் நீண்டகால மூலதனமாகச் சர்வகலாசாலையின் கைக்கு வர வேண்டும். எதை ஆராய்வது என்பதை மந்திரிகள் அல்ல, அறிஞர்களே நிர்ணயிக்க வேண்டும். கண்ட முடிவுகள் பொதுஜனங்கள் படிக்கும் பாஷையில் வெளிவர வேண்டும்.

அன்னியரை அடக்குவதற்கு வேண்டியிருந்த நாளில் இக்கல்விக்கு டச்சு சர்க்காரின் பொக்கிஷம் திறந்தே இருந்தது. சொந்தப் பிரஜைகளைப் புரிந்துகொள்ள வேண்டிய நாளில் அது மூடிக்கொள்ளுமாயின், அந்த ராஜாங்கம் குடியரசுப் பாடத்தை இன்னும் கற்கவில்லை என்றே உலகம் கருதும்.