பாக்கெட்டுக்குள்ள யாரு?

போன செமஸ்டர் லீவுல வேதாரண்யம் பக்கம் மாமாவோட இறால் பண்ணைக்குப் போயிருந்தேன். வெல்லம், தவிடு, கூடவே ஒரு பாக்கெட் பவுடர். எல்லாத்தையும் டிரம்ல கரைச்சு ஊற வச்சு, மறுநாள் குட்டையில ஊத்தினார்.

"என்ன மாமா இது?"

"நல்ல பாக்டீரியா மாப்ள. தண்ணிய சுத்தமா வச்சிருக்கும்."

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். 'பேசில்லஸ் வகைகள்'னு மட்டும் இருந்தது. பயோடெக் படிக்கிற எனக்கு அங்கதான் இடிச்சுது.

மாமா சொன்னது பொய் இல்லை. மிச்சத் தீனியும் கழிவும் அடியில் தங்கினால் அம்மோனியா ஏறும், இறால் சாகும். நல்ல பேசில்லஸ் அந்தக் கழிவைச் சிதைக்கும். நோய் தரும் விப்ரியோவோடு இடத்துக்கும் உணவுக்கும் மல்லுக்கட்டும். குட்டையில் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா பேரு மட்டும் போதுமா? ரோல் நம்பரைப் பார்த்தா டிபார்ட்மென்ட் தெரியும். எத்தனை அரியர்னு தெரியுமா?

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸையே எடுத்துக்குங்க. அந்த இனத்தில் சில ரகங்கள் மட்டும் இறாலின் ஈரலை அழித்து, குட்டையையே காலி பண்ணும். காரணம், அவை சுமக்கும் ஒரு பிளாஸ்மிட். பென் டிரைவ் மாதிரி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடிய டிஎன்ஏ வளையம் அது. நச்சு ஜீன்கள் அதுலதான் இருக்கு. இனத்தின் பெயர் இதைச் சொல்லாது. ஜீனோமைப் படித்தால் தெரிந்துவிடும்.

'நல்ல பாக்டீரியா'வுக்கும் இதே சோதனை வேணும். ஐரோப்பாவில் டொயோசெரின் என்ற கால்நடைத் தீவன ப்ரோபயாடிக் பல வருஷம் அனுமதியோடு விற்றது. அதிலிருந்த பேசில்லஸிடம் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் ஜீன்களும், நச்சு உருவாக்கும் திறனும் இருப்பது தெரிந்து, 2013-ல் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். அப்படி ஒரு ஜீன் நம்ம குட்டையில் விப்ரியோ கைக்குப் போனா? மருந்துக்கு மாற்றா ஊத்தினதே மருந்தைச் செல்லாக்காசாக்கிடும்.

பேசில்லஸ் சப்டிலிஸின் ஜீனோம் சுமார் 42 லட்சம் எழுத்து. 1997-ல் அது வெளிவர, பல நாட்டு ஆய்வகங்கள் வருஷக்கணக்கில் உழைத்தன. இன்னைக்கு சில நாள் வேலை. அதனால என் கருத்து இதுதான்: பாக்கெட்டில் ரகத்தின் பெயர் இருக்கணும், அதன் ஜீனோம் யாரும் பார்க்கிற மாதிரி பொதுவில் இருக்கணும். 'விலை ஏறிடுமே'ன்னு கேட்கலாம். ஒரு ரகத்தை முழுசா ஒருமுறை படிச்சா, பல்லாயிரம் பாக்கெட்டுக்கு அந்தச் செலவு பிரிஞ்சிடும். ஒரு குட்டை போனா மாமாவோட கடன் எதுலயும் பிரியாது.

ஜீனோம் எல்லாத்தையும் சொல்லிடாது, உண்மை. நம்ம உப்புத் தண்ணியில அந்த பாக்டீரியா வேலை செய்யுமாங்கிறதைக் குட்டையில் விட்டுத்தான் பார்க்கணும். ஆனா உள்ளே விடக்கூடாத ஆள் யார்னு முன்கூட்டியே சொல்லும்.

சிஎஸ்இ மக்களே, துண்டு துண்டா வர்ற அந்த எழுத்துக்களைக் கோர்ப்பதும், ஜீன் தேடுவதும் நீங்க படிக்கிற ஸ்ட்ரிங் அல்காரிதம்தான். மென்பொருள்கள் இலவசமாவே கிடைக்குது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் பண்றதுக்கு முன்னாடி, எங்க மாமாவோட டிரம்மை ஒருமுறை எட்டிப் பாருங்க.