நெடுவிளை எங்கே?

ஊர்ப் பெயரை மாற்றக் கேட்டு மனு என்று இந்த வாரம் ஒரு செய்தி. இருக்கிற பெயர் பட்டிக்காடாகத் தொனிக்கிறதாம். சம்பந்தி வீட்டாரிடம் சொல்லக் கூச்சமாம். கடைசியில் ஒரு 'நகர்' வந்தால் போதுமாம். எனக்கும் 'நகரு'க்கும் உள்ள பகை இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நாலு கல்லை நட்டு மனை பிரித்தவரெல்லாம் ஊருக்குப் பெயர் வைக்கிற கொடுமையை எத்தனை வாரம் புலம்பியிருப்பேன்!

இப்படி எரிச்சல் வந்தால் கை தானாக ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' நூலுக்குப் போகும். (இதோ ஆரம்பித்துவிட்டான் என்று முனகுவது கேட்கிறது.) 1946-ல் வந்த புத்தகம். குளம், காடு, குடி, கோயில் என்று பெயர்களின் வாலைப் பிடித்தே தமிழ்நாட்டைச் சுற்றிவிடுவார் மனிதர். இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல்லின் சரிதத்தை எழுதியவரும் அவரே. அந்த நினைப்பு என்னை இடையன்குடி இருக்கும் திசையன்விளைப் பக்கம் இழுத்துப்போனது, மனு மறந்துபோனது.

தேரிக்காடு அது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குக் காற்று மேடுமேடாகக் குவித்த மணல். இரும்புச் சத்தால் சிவந்தது. பனை நிற்கும், நெல் நிற்காது. அங்கே மரம் வளர்க்கும் புன்செய்த் துண்டு விளை. தண்ணீர் தேங்கிய இடத்தில் சாத்தான்குளம். உப்புக் கரிக்கும் கடலோரத்தில் உவரி.

இந்த மண்ணில் புதுப் பெயர்களும் முளைத்தன. விரட்டப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒதுங்க 1799-ல் உருவான முதல் ஊர் முதலூர். சாண்பத்து நாசரேத் ஆனது. நெடுவிளை மெஞ்ஞானபுரம் ஆனது. நிலம் வாங்கிய சாயர் என்ற வணிகரின் பெயரில் சாயர்புரம். நிலத்தைச் சொன்ன பெயர்கள் போய், அங்கே வந்த மனிதர்களையும் அவர்கள் நம்பிக்கையையும் சொல்லும் பெயர்கள் வந்தன. நெடுவிளை போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மெஞ்ஞானபுரத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் தெருக்களை நேராக வகுத்தார், மரம் நட்டார், தேவாலயம் எழுப்பினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டார். ஊரையே புதுக்கியவர், பெயரில் மட்டும் கைவைக்கவில்லை. இடையன்குடி இன்றும் இடையன்குடிதான். அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

மனுக்காரர்களே, பெயர் மாற்றுவது பாவம் என்று சொல்லமாட்டேன். முதலூருக்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் 'நகரு'க்கு? தெருவைச் சீராக்கக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.