விழும் இடத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

2021 ஏப்ரல் 29 அன்று ஏவப்பட்ட சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையக்கட்டம், ஏறத்தாழ 20 டன் எடையுள்ள வெற்றுக்கூடாகக் கட்டுப்பாடின்றிப் புவியைச் சுற்றிவந்தபோது, கிரகணத்தை நொடி பிசகாமல் கணிக்கும் அறிவியல் இது தில்லியில் விழுமா என்பதைச் சொல்லாதிருப்பது திறமையின்மை அல்லது மறைப்பு என்னும் கருத்து பரவியது. அக்கருத்து தவறானது.

கிரகண ஒப்பீடே முதலில் பொருந்தாது. பஞ்சாங்கக் கணிதத்துக்கு உட்பட்ட நிலவு காற்றில்லாத வெளியில் செல்கிறது. கைவிடப்பட்ட ராக்கெட் கட்டமோ மெல்லிய மேல்வளிமண்டலத்தை உரசிச் செல்வதால், இழுவிசை எனப்படும் காற்றின் தடுப்பாற்றலால் சிறிது சிறிதாக உயரம் இழக்கிறது. அந்தக் காற்றின் அடர்த்தி சூரியனின் சீற்றத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது. கட்டம் உருண்டு புரளும்போது காற்றை எதிர்கொள்ளும் பரப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே, எஞ்சிய காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிழை நேரலாம் என்பதே இத்துறையின் நடைமுறைக் கணக்கு. விழுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பு ஒரு மணி நேரப் பிழை என்றால், அது நிலத்தில் ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர். ஒரே நிமிடப் பிழைகூட 450 கிலோமீட்டருக்கு மேல், அதாவது தில்லிக்கும் லக்னோவுக்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவை விட அதிகம்.

தில்லி அதன் பாதையில் இருந்தது என்பது உண்மை; அதனால் ஆபத்து நெருங்கியது என்பது உண்மையன்று. சாய்வுக்கோணம், அதாவது சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டோடு கொள்ளும் கோணம், அதற்கு 41.5 பாகை, எனவே வடக்கிலும் தெற்கிலும் அந்த எல்லைக்குட்பட்ட சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் ஆகியவையும் அதே பட்டையில் அடங்கின. 1,484 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தில்லியில் ஒரு குறிப்பிட்ட துண்டு விழும் வாய்ப்பு சுமார் 2.5 லட்சத்தில் ஒன்று. மே 9 அன்று எச்சங்கள் மாலத்தீவுக்கு அருகே கடலில் விழுந்தன.

எல்லாம் எரிந்துவிடும், கவலை வேண்டா என்னும் எதிர்க்கருத்தும் ஏற்கத்தக்கதன்று. 2022 ஏப்ரல் 2 இரவில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டம் சிந்தேவாஹி பகுதியில், வானில் ஒளிக்கோடு தெரிந்தபின் சுமார் மூன்று மீட்டர் விட்டமுள்ள உலோக வளையமும் உலோகக் கோளங்களும் கிடைத்தன. லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் கட்டமே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

கணிப்பைக் கூர்மையாக்குவதை விட, விழும் இடத்தை முன்பே தேர்ந்துகொள்வதே சரியான வழி, அது இயலக்கூடியதும்கூட. 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ, மேகா-ட்ரோபிக்ஸ்-1 செயற்கைக்கோளை எஞ்சிய எரிபொருளைக் கொண்டு பசிபிக்கில் தேர்ந்த பகுதியில் இறக்கியது. ஆனால் அதே ஆண்டு ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் மேல்கட்டம், வெடிப்பைத் தவிர்க்க எஞ்சிய எரிபொருள் வெளியேற்றப்பட்டிருந்தும், 124 நாட்களுக்குள் கட்டுப்பாடின்றியே நுழைந்து வடபசிபிக்கில் விழுந்தது. 2030க்குள் இந்திய விண்பயணங்களைக் குப்பையற்றதாக்கும் இலக்கை இஸ்ரோ 2024இல் அறிவித்துள்ளது. மேல்கட்டத்தின் இயந்திரத்தை மீண்டும் இயக்கும் திறனும் அதற்கு ஒதுக்கும் எரிபொருளும் ராக்கெட் வடிவமைப்பிலேயே இடம்பெறாதவரை, அந்த இலக்கு பாதியளவே நிறைவேறும்.