மருந்துப் பெட்டிக்கு முன் குறிப்பேடு

“பூனை என்றால் வாந்தி எடுக்கத்தான் செய்யும், விடு!” என்பார்கள் சிலர். “அரை மாத்திரை கொடு, சரியாகிவிடும்” என்பார்கள் வேறு சிலர். இரண்டும் எதிரெதிரான பேச்சாகத் தோன்றும். ஆனால், இரண்டிலும் ஒரே குறைதான்: சான்று எதையும் பார்க்காமல் முடிவெடுப்பது.

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம்; உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். செங்காங்கில் அறிவியல் கற்பிக்கும் நான், இனி பூனை வளர்க்கப்போகும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். செல்லப்பிராணி வாந்தி எடுத்தால் முதலில் திறக்கவேண்டியது மருந்துப் பெட்டியை அல்ல, குறிப்பேட்டை.

வாந்தி ஒரு நோயன்று, அறிகுறி. அதை இயக்குவது வயிறு அல்ல, மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம். வயிறு, குடல், உட்காது ஆகியவற்றிலிருந்து அதற்குச் செய்தி வருகிறது. இரத்தத்தில் நச்சு இருக்கிறதா என்று கண்காணிக்கும் பகுதியும் அதன் அருகிலேயே உள்ளது. ஆகவே, சிறுநீரகம் கெட்டு இரத்தத்தில் கழிவு சேர்ந்தாலும் பூனை வாந்தி எடுக்கும். வயிற்றில் ஒரு கோளாறும் இருக்காது!

அடுத்து, அது உண்மையிலேயே வாந்திதானா? வாந்திக்கு முன் விலங்கு ஓங்கரிக்கும். வயிற்றுத் தசைகள் இறுகி இறுகித் தளரும். அந்த முயற்சி எதுவுமின்றி, சாப்பிட்ட உணவு அப்படியே வெளியே வந்தால் அது கக்குதல். கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம். ஆஸ்துமா உள்ள பூனை இருமுவதைப் பார்த்து, முடி உருண்டையை வெளியேற்றுகிறது என்று நினைத்துவிடுவோரும் உண்டு. கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

எத்தனை மணிக்கு, எத்தனை முறை, என்ன நிறம், இரத்தம் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டது, தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா, வீட்டில் ஏதாவது காணாமற்போயிருக்கிறதா என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். தேக்காவில் வாங்கிய பூச்சரத்தின் நூலைப் பூனை விழுங்கினால் எளிதில் துப்ப முடியாது. அதன் நாக்கிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் நூல் உள்ளேதான் போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தாலும் இழுக்காதீர்கள், குடல் அறுபடலாம்.

பூங்கொத்தில் வரும் லில்லி மலர் இன்னும் கொடியது. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். முதலில் வாந்தி வரும், பிறகு நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று நாம் நினைக்கும் வேளையில் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்.

அரை மாத்திரைப் பேச்சுக்கும் பதில் சொல்லவேண்டும். நாம் காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாரசிட்டமாலைப் பாதுகாப்பாகச் சிதைக்கத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கலாம். நாய்க்குச் சாக்லெட், திராட்சை, சைலிட்டால் கலந்த சூயிங்கம் ஆகியவை நஞ்சு. அவற்றைத் தின்றுவிட்டது என்று உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கவைப்பதும் ஆபத்தே.

கவனிப்பு ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. 2007ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் வாந்தி எடுத்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. உரிமையாளர்களின் புகார்களும் சேர்ந்தே ஆய்வுக்கு வழிவிட்டன. ‘மெனு ஃபுட்ஸ்’ நிறுவனம் 60 மில்லியன் உணவுப் பொட்டலங்களை மீட்டுக்கொண்டது. காரணம் மெலமின் என்ற வேதிப்பொருள். அதே மெலமின் மறு ஆண்டு சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் சிங்கப்பூர், சீனப் பால் பொருள்களின் இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்திவைத்தது.

“கால்நடை மருத்துவரிடம் போனால் செலவு அதிகம்” என்று பெற்றோர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஒருமுறை வாந்தி எடுத்த பின் வழக்கம்போல் விளையாடிச் சாப்பிடும் பிராணியை வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். ஆனால், ஒரே நாளில் பலமுறை வாந்தி, இரத்தம், சோர்வு, வெளுத்த ஈறு, நஞ்சு தின்ற சந்தேகம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. வயிறு உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வராத பெரிய நாய்க்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். சிறுநீர் கழிக்க முடியாமல் வாந்தி எடுக்கும் ஆண் பூனைக்கும் அப்படியே. பூனை ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டாலும் மருத்துவரை அழையுங்கள்; பட்டினி அதன் கல்லீரலைக் கெடுக்கும். எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓடவேண்டும் என்பதை உங்கள் குறிப்பேடு காட்டும். வீண் செலவையும் அதுவே குறைக்கும்.

மருத்துவர் உங்கள் பூனையைச் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார். நீங்கள் நாள் முழுவதும் பார்க்கிறீர்கள். உங்களிடம் உள்ள தகவல் அவரிடம் இல்லை. இன்றே ஒரு தாளில் அருகிலுள்ள மருந்தகத்தின் எண்ணையும், இரவிலும் திறந்திருக்கும் ஒரு மருந்தகத்தின் எண்ணையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவும் இருக்கட்டும்.