அலமாரியில் கிடக்கும் அமானிதம்

 

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய நம் சபுராளிகள் பலர் பெட்டியோடு ஒரு 'டெக்'கையும் சுமந்து வந்தார்கள். அக்காலத்து நிக்காஹ், வலீமா, சுன்னத் வைபவங்கள் வீடியோ கேசட்டுகளில் பதியப்பட்டன. இன்று டெக் பழுதாகிப் போய்விட்டது. கேசட்டுகள் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று கேட்டால், "கடையில் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றித் தந்துவிடுவான்" என்கிறோம். இல்லையேல், "குப்பையில் போடு" என்கிறோம். இவ்விரண்டு பதில்களுமே பிழையானவை என்பதே நம் வாதம்.

அந்த நாடாக்களில் இருப்பது யார்? நம் உம்மாவும் உம்மம்மாவும் சகோதரிகளும், பெண்கள் பகுதியில், தம் உறவினருக்கு நடுவே இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அமர்ந்திருந்த கோலத்தில் இருக்கிறார்கள். வாசலில் திரை கட்டிக் காக்கும் கண்ணியத்தை, முன்பின் அறியாத ஒருவரின் கணினியில் நகலெடுக்க நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நாம் அறிந்த ஒரு குடும்பத்தார் நகலை வாங்கச் சென்றபோது, அவர்கள் வீட்டு நிக்காஹ் காட்சி கடையின் திரையில் ஓடிக்கொண்டிருந்தது; வேறு வேலையாக வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவருக்கு அது வேலை. நமக்கு அது அமானிதம்.

"அன்று படம் பிடித்தவரும் அந்நியர்தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அன்று செய்த ஒரு தவறு, இன்று இன்னொரு தவறைச் செய்வதற்கு அனுமதிச் சீட்டாகாது. உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்திற்குள் நாம் செல்லவில்லை. கூடாது என்போரும் நாடாவை வெளியே இழுத்துத் துண்டுதுண்டாக வெட்டியே அழிக்க வேண்டும்; முழுதாகக் குப்பையில் எறிவது யாரோ ஒருவரிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.

பாதுகாக்க விரும்புவோருக்கு வழி எளிது. மலிவான ஒரு பழைய டெக்கை வாங்கி, வீட்டிலேயே நகலெடுத்துக்கொள்ளலாம். புதியது கிடைக்காது, 1976-இல் ஜப்பானில் அறிமுகமான விஎச்எஸ் முறைக்கான கருவிகளைக் கடைசிவரை தயாரித்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆண்டுதோறும் நல்ல கருவிகள் குறைகின்றன. தாமதம் நமக்கே நட்டம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. நம் நாட்டுக் கேசட்டுகள் 'பால்' முறையில் பதிந்தவை; அமெரிக்காவின் 'என்டிஎஸ்சி' மட்டும் கொண்ட கருவி நமக்கு உதவாது. பின்புற ஒட்டுச்சீட்டில் முறையையும், மின்னழுத்தம் 220 வோல்ட்டுக்கு ஏற்றதா என்பதையும் பாருங்கள். படம் வெளியேற மஞ்சள் நிறத் துளை அவசியம். ஆன்டெனா துளை மட்டும் உள்ளதை விட்டுவிடுங்கள். தேவையற்ற ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய், ஓட்டியும் முன்னும் பின்னும் சுற்றியும் வெளியே எடுத்தும் பாருங்கள். நாடா கசங்கியிருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்காதீர்கள். கூடுதல் வசதிகளுக்காகப் பெருந்தொகை கொடுப்பது வீண்விரயம். சரியாக ஓடினால் போதும்.

இனி, பயன்படுத்தும் முறை. முதலில் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகாது. கண்ணாடி வழியே நாடாச் சுருளில் வெண்பூஞ்சை தெரிந்தால் உள்ளே செலுத்த வேண்டாம். கருவியும் மற்ற நாடாக்களும் கெடும். நல்ல நாடாவை ஒருமுறை முழுதும் சுற்றி, மீண்டும் திருப்பிவிட்டு ஓட்டுங்கள். படத்தில் கோடுகள் ஓடினால் 'டிராக்கிங்' பொத்தானால் சரிசெய்யுங்கள். யுஎஸ்பி வழியாகப் பதியும் சிறு கருவி ஒன்றைக் கணினியில் இணைத்தால் போதும். 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. நகலை இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். கடைக்காரரிடமிருந்து காத்ததை நாமே ஊருக்குப் பரப்பியதாகிவிடும்.

செலவு அதிகம் என்போர், நான்கைந்து உறவுக் குடும்பங்கள் கூடி ஒரு டெக்கை வாங்கட்டும். கருவி வீடு வீடாகச் செல்லட்டும். கேசட் வீட்டை விட்டு வெளியேற வேண்டாம். வேலை முடிந்ததும் விற்றுவிடலாம்.

மர்ஹூமான வாப்பாவின் குரல் அந்த நாடாவில் மட்டுமே எஞ்சியிருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ! அதைக் கேட்டு, கையேந்தி துஆச் செய்யக் காத்திருக்கும் உம்மாமார்கள் உண்டு. நம் மழைக்கால ஈரம் அந்த நாடாக்களை ஆண்டுதோறும் அரிக்கிறது. நம் சோம்பலுக்கு அது காத்திருக்காது. இந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை பாருங்கள்.

அமானிதங்களைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.